பல வருடம் ஓட்டியவரின் முதல் அட்வென்ச்சர் பைக்: சிசியை விடுங்கள், எடையைப் பாருங்கள்

கேள்வியை முதலில் சுருக்கமாக எழுதிவிடுகிறேன். கேட்டவர் 18 வருடமாக பைக் ஓட்டுகிறார். இப்போது கையில் இருப்பது 1000 சிசி ஸ்போர்ட்ஸ் டூரர், தார்ச்சாலையில் வேகமாக நீண்ட தூரம் போகும் வகை. ஒரே நாளில் 700, 800 கிலோமீட்டர் போவது அவருக்குப் புதிதல்ல. ஆனால் மண் பாதையில் ஓட்டிய அனுபவம் அநேகமாக இல்லை. உயரம் 170 சென்டிமீட்டர். பெரும்பாலும் தனியாகத்தான் போவார். இப்போது முதல் அட்வென்ச்சர் பைக், அதாவது தாரிலும் மண்ணிலும் போகும் வண்டி ஒன்று வாங்க நினைக்கிறார். பழைய வண்டியையும் விற்கப் போவதில்லை. "இத்தனை வருட அனுபவம் இருக்கிறது, நேராக 1250, 1300 சிசி வகுப்பில் வாங்கிவிடலாமா, இல்லை 700 பக்கம் போதுமா?" என்பது கேள்வி.

என் பதில்: இரண்டுக்கும் முன்னால் 400, 500 சிசி வண்டிகளை ஓட்டிப் பாருங்கள். எதை வாங்கினாலும் பெட்ரோல் நிரப்பிய எடை 200 கிலோ பக்கம் நிற்கட்டும். 18 வருடம் ஓட்டியவரிடம் சின்ன வண்டி வாங்கச் சொல்வது இறங்கிப் போகச் சொல்வது போலத் தெரியலாம். தார்ச்சாலையில் 150இலிருந்து 300, அதிலிருந்து 600, பிறகு 1000 என்று ஏணி மேல்நோக்கிப் போகும். மண்ணில் அந்த ஏணியே கிடையாது. அங்கே ஒரே ஒரு கணக்குதான்: சாயங்காலம் களைத்துப் போயிருக்கும்போது, மூன்றாவது முறையாக விழுந்த வண்டியை நீங்கள் தனியாகத் தூக்கி நிறுத்த முடியுமா?

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். என் முதல் அட்வென்ச்சர் பைக் 250 கிலோ. இரண்டு பக்கமும் அலுமினியப் பெட்டி, டேங்க் நிறைய பெட்ரோல். வாங்கி இரண்டாவது மாதம், ஏற்றத்தில் ஒரு கொண்டை ஊசி வளைவு, மேலெல்லாம் உருண்டை உருண்டையாகச் சரளைக்கல். தார்ச்சாலையாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஏறியிருப்பேன். நடுவில் முன் வீல் ஒரு கல்லில் தட்டி லேசாக விலகியது. 20 வருடப் பழக்கம், கை தானாக ஆக்சிலரேட்டரை மூடியது. இன்ஜின் அணைந்தது. வலது காலை ஊன்றப் போனேன். தரை இருக்க வேண்டிய இடத்தில் இல்லை, ஒரு ஜாண் கீழே இருந்தது. அந்த ஒரு ஜாணுக்குள் வண்டி சாய்ந்துவிட்டது. 250 கிலோ ஒரு கோணத்தைத் தாண்டிவிட்டால் எந்தத் தொடையாலும் பிடிக்க முடியாது.

முதல் தடவை தூக்கிவிட்டேன். 50 மீட்டர் தள்ளி இரண்டாவது தடவை. அதையும் தூக்கினேன். மூன்றாவது தடவை கை நடுங்க ஆரம்பித்தது, கால் சரளையில் வழுக்கியது, வண்டி அரை அடி எழும்பித் திரும்பப் படுத்துக்கொண்டது. அந்த வழியாக ஆடு ஓட்டிக்கொண்டு ஒரு பெரியவர் வரும்வரை முக்கால் மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். உடம்பில் ஒரு கீறல் இல்லை. ஆனால் அன்றைக்குப் பிறகு நாலு மாதம் அந்த வண்டியை மண்ணில் இறக்கவே மனம் வரவில்லை. பெரிய வண்டி வாங்குவதில் இருக்கும் நிஜமான நஷ்டம் இதுதான். எதற்காக வாங்கினோமோ அந்த இடத்துக்கே போகாமல் இருந்துவிடுவோம்.

அனுபவம் வீண் என்று சொல்லவில்லை. கிளட்ச் பிடிப்பது, தூரத்தில் பார்வை வைப்பது, களைப்பு வரும்போது நிறுத்தத் தெரிவது, மழையில் பதறாமல் இருப்பது, இதெல்லாம் அப்படியே கூட வரும். புதிதாக ஓட்டக் கற்பவரைவிட நீங்கள் பத்து மடங்கு முன்னால் இருப்பீர்கள். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. தார்ச்சாலையில் உயிரைக் காப்பாற்றிய சில பழக்கங்கள் மண்ணில் எதிராக வேலை செய்யும். தாரில் வளைவுக்குள் வண்டியோடு சேர்ந்து நீங்களும் சாய்வீர்கள். சரளையில் வண்டியை மட்டும் கீழே சாய்த்துவிட்டு, உடம்பை நிமிர்த்தி, வெளிப்பக்க ஃபுட்பெக்கில் (கால் வைக்கும் கம்பி) எடையைப் போட வேண்டும். தாரில் முன் பிரேக்தான் துணை. வளைந்து இறங்கும் சரளைப் பாதையில் அதைச் சட்டென்று பிடித்தால் முன் வீல் போய்விடும். தாரில் பயம் வந்தால் ஆக்சிலரேட்டரை மூடுவோம். மணலில் அப்படி மூடினால் எடை முன்னால் வந்து முன் வீல் புதையும். கொஞ்சம் திறந்தே வைத்து, எடையைப் பின்னால் தள்ளினால்தான் வண்டி மிதந்து போகும். முன் வீல் கையில் ஆடுவதும் அப்படித்தான். தாரில் அது அபாய மணி, மண்ணில் சாதாரண விஷயம். புதியவருக்கு இதெல்லாம் வெறும் பாடம். உங்களுக்கு முதலில் பழையதை மறக்கும் வேலை இருக்கிறது. மறக்கும் காலத்தில் விழுவீர்கள். அப்படி விழும் வண்டி லேசாக இருக்கட்டும் என்பதுதான் நான் சொல்வது.

எடை விஷயத்தில் கொஞ்சம் வரலாறும் பார்க்கலாம். இன்று நாம் அட்வென்ச்சர் பைக் என்று சொல்லும் வகையைத் தொடங்கிவைத்தது 1980இல் வந்த பிஎம்டபிள்யூ ஆர்80 ஜி/எஸ். 800 சிசிக்குச் சற்றுக் குறைவு, 50 குதிரைத்திறன், எடை 190 கிலோ பக்கம். அந்த வண்டியைப் பந்தயத்துக்கு ஏற்ப மாற்றித்தான் ஊபேர் ஓரியோல் 1981இல் சகாரா பாலைவனம் வழியாகப் போன பாரிஸ்–டக்கார் பந்தயத்தை வென்றார். அதன் வழிவந்த ஆர்1250 ஜிஎஸ் 136 குதிரைத்திறன், 249 கிலோ. 2023இல் வந்த ஆர்1300 ஜிஎஸ்ஸில் பாடுபட்டு இளைக்க வைத்து 237 கிலோவுக்குக் கொண்டுவந்தார்கள். தயாரிப்பாளரே எடையைக் குறைக்க இவ்வளவு மெனக்கெடுகிறார் என்றால், முதல் வண்டி வாங்கும் நாம் அதைக் கண்டுகொள்ளாமல் விடலாமா? கிராஷ் கார்டு, பெட்டிகள், துணிமணி, தண்ணீர் எல்லாம் ஏற்றினால் அந்தப் பெரிய வண்டி 300 கிலோவைத் தொடும்.

எடை எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். இரண்டு வண்டிகள் காகிதத்தில் ஒரே எடை இருக்கும். ஒன்றில் பெட்ரோல் முழுதும் உயரமான டேங்கில் மார்பளவில் நிற்கும், மற்றதில் கீழே இறங்கியிருக்கும். கேடிஎம் 790, 890 அட்வென்ச்சரில் டேங்கை இரண்டு பக்கமும் முழங்கால் மட்டத்துக்குத் தொங்கவிட்டிருப்பது இதற்காகத்தான். அதனால் டெஸ்ட் ரைடுக்கு டேங்க் நிரம்பிய வண்டியைக் கேளுங்கள். பாதி காலியான டேங்கோடு ஓட்டிவிட்டு முடிவு செய்யாதீர்கள்.

அடுத்தது சீட் உயரம். 170 சென்டிமீட்டர் என்கிறீர்கள். விவரப் பட்டியலில் உள்ள எண் பாதி உண்மைதான் சொல்லும். சீட்டின் முன்பகுதி அகலமாக இருந்தால் தொடை விரிந்து, கால் தரைக்கு எட்டாது. அதே உயரத்தில் ஒல்லியான சீட் என்றால் எட்டிவிடும். நீங்கள் உட்கார்ந்ததும் சஸ்பென்ஷன் எவ்வளவு அமிழ்கிறது, எந்த பூட்ஸ் போட்டிருக்கிறீர்கள் என்பதும் சேர்ந்துகொள்ளும். இரண்டு பாதமும் முழுசாகப் பதிய வேண்டும் என்று அவசியமில்லை. சீட்டில் ஒரு பக்கமாக நகர்ந்து ஒரு காலை உறுதியாக ஊன்ற முடிந்தால் போதும். உயரத்தைக் குறைக்கப் பின் சஸ்பென்ஷனில் வேறு இணைப்பு மாட்டித் தருகிறேன் என்று சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். கிரவுண்ட் கிளியரன்ஸ் (தரைக்கும் வண்டியின் அடிக்கும் உள்ள இடைவெளி) குறையும், ஹேண்டிலின் குணம் மாறும், சைடு ஸ்டாண்டு நீளமாகிப் போய் வண்டி நிமிர்ந்து நிற்கும். முதலில் தாழ்வான சீட் கிடைக்கிறதா என்று பாருங்கள்.

வீல் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். ஒரு வண்டி எந்த வேலைக்குச் செய்யப்பட்டது என்பதை அதன் முன் வீலே சொல்லிவிடும். 21 அங்குலம் என்றால் கல், பள்ளம், மணலை மனதில் வைத்துச் செய்தது. 19 என்றால் தார் பாதி, மண் பாதி. 17 என்றால் உடை மட்டும்தான் அட்வென்ச்சர், உள்ளே தார்ச்சாலை வண்டி. ஸ்போர்ட்ஸ் டூரரிலிருந்து வரும் உங்களுக்கு 21 அங்குல வீல் முதல் ஒரு வாரம் வளைவில் சோம்பலாகத் திரும்புவது போலத் தெரியும். பழகிவிடும். ஸ்போக் வீல் அடிபட்டால் வளையும், தட்டி நிமிர்த்திக்கொள்ளலாம். அலாய் வீல் விரிசல் விட்டால் அங்கேயே பயணம் முடிந்தது. ஆனால் பல ஸ்போக் வீல்களில் ட்யூப் இருக்கும். பஞ்சரானால் வீலைக் கழற்றி, லீவர் போட்டு டயரை நெம்பி, ட்யூபை வெளியே எடுக்க வேண்டும். ட்யூப்லெஸ் என்றால் வெளியிலிருந்தே ஒரு பிளக்கைச் செருகிக் காற்றடித்துப் போய்விடலாம். தனியாகப் போகிறவர் ட்யூப் மாற்றும் வேலையை வாசலில் நிதானமாக ஒரு தடவையாவது செய்து பழகிக்கொள்ள வேண்டும்.

எலக்ட்ரானிக்ஸில் எனக்கு ஒரே ஒரு கேள்விதான் முக்கியம்: பின் வீல் ஏபிஎஸ்ஸை (பிரேக் பிடிக்கும்போது வீல் பூட்டாமல் தடுக்கும் அமைப்பு) அணைக்க முடியுமா? தளர்ந்த சரளையில் வீல் பூட்டினால் முன்னால் கல் குவிந்து அதுவே வண்டியை நிறுத்தும். ஏபிஎஸ் வீலை விட்டு விட்டுப் பிடிப்பதால் அந்தக் குவியல் சேராது, நிற்கும் தூரம் கூடும். கூடவே இன்னொன்றும் பாருங்கள்: சாவியை அணைத்துப் போட்டால் அந்த அமைப்பு நிற்கிறதா, பழையபடி மாறிவிடுகிறதா? ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் மெனுவுக்குள் போய் நாலு பொத்தான் அழுத்த வேண்டியிருந்தால், ஒரு நாள் மறந்துவிடுவீர்கள், அது இறக்கமாக இருக்கும். தொடுதிரை, பத்து ரைடிங் மோட் எல்லாம் இருந்தால் சரி, இல்லாவிட்டாலும் சரி.

இனி வண்டிகள்.

ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450: 452 சிசி, 40 குதிரைத்திறன், 196 கிலோ, சீட் 825 மில்லிமீட்டர், முன் வீல் 21 அங்குலம், பின் வீல் 17. உங்கள் உயரத்துக்கு இதுதான் நான் முதலில் உட்காரச் சொல்லும் வண்டி. பின் ஏபிஎஸ்ஸை அணைக்கலாம். சஸ்பென்ஷன் மேலும் கீழும் 200 மில்லிமீட்டர் ஓடும், மண்ணில் கற்றுக்கொள்ள அது தாராளம். 40 குதிரைத்திறன் போதுமா என்று 1000 சிசி ஓட்டுபவர் கேட்பது நியாயம். மண்ணில் அதற்கு மேல் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் இருக்கும். வேகமான நெடுஞ்சாலையில் 120ஐத் தாண்டி நாள் முழுக்கப் போக நினைத்தால் மூச்சு வாங்கும். ஆனால் அந்த வேலைக்குத்தான் உங்களிடம் ஏற்கெனவே ஒரு வண்டி இருக்கிறதே. அதை விற்கவில்லை என்று நீங்கள் சொன்ன அந்த ஒரு வரி என் பதிலில் பாதியைத் தீர்மானித்தது. புதியது பழையதன் வேலையைச் செய்ய வேண்டாம். பழையது போக முடியாத இடத்துக்குப் போகட்டும்.

ஹோண்டா என்எக்ஸ்500உம் 196 கிலோதான். இரட்டை சிலிண்டர், வழுக்கிக்கொண்டு போகும் இன்ஜின், அலாய் வீல், ட்யூப்லெஸ் டயர். தாரில் எனக்கு ஹிமாலயனைவிட இது பிடிக்கும். ஆனால் ஏபிஎஸ்ஸை அணைக்க முடியாது, சஸ்பென்ஷனும் குட்டை. மண் ரோடு வரை சரி, கல் பாதைக்கு அல்ல.

யமஹா டெனெரே 700 இன்னொரு உலகம். 689 சிசி, 73 குதிரைத்திறன், 204 கிலோ, முன் 21, பின் 18. 2019இல் வந்தபோது ரைடிங் மோட், டிராக்ஷன் கன்ட்ரோல் (பின் வீல் வெறுமனே சுழன்று வழுக்காமல் தடுப்பது) எதுவுமே இல்லாமல் வந்தது. அந்த எளிமைக்காகவே அதை நேசிப்பவர்கள் உண்டு, நானும் ஒருவன். இப்போது நான் ஓட்டுவது அதுதான். உங்களுக்கு இடைஞ்சல் 875 மில்லிமீட்டர் சீட். அந்த இன்ஜினின் இழுவையும் மெதுவான சுழற்சியிலேயே வந்துவிடும், கற்கும் காலத்தில் கை கொஞ்சம் தவறினாலும் பின் வீல் பக்கவாட்டில் போகும். கற்றுக்கொண்டவருக்கு அது விருந்து.

சுசுகி வி-ஸ்ட்ரோம் 800டிஇ நல்ல வண்டி, 220 மில்லிமீட்டர் சஸ்பென்ஷன், ஆனால் 230 கிலோ. அது உங்கள் இரண்டாவது வண்டியாக இருக்கலாம். எதிர்ப்பக்கம் ஹோண்டா சிஆர்எஃப்300 ராலி இருக்கிறது, 153 கிலோ. மண்ணில் கற்க இதைவிட நல்ல ஆசிரியர் கிடையாது, ஆனால் சீட் 885 மில்லிமீட்டர், நீண்ட தூரத்துக்கு ஒல்லி. அந்தப் பாதை வரை வண்டியை ஓட்டிக்கொண்டே போக வேண்டும் என்றால் யோசியுங்கள்.

ஒரு இடத்தில் மட்டும் நான் மாற்றிச் சொல்வேன். மனதைத் தொட்டுப் பார்த்தால் உங்கள் பயணம் பத்தில் ஒன்பது பங்கு தார்தான், பின்னால் எப்போதும் துணை ஒருவர் உண்டு என்றால், பெரிய வண்டி சரியான முடிவு. நிமிர்ந்த உட்காருமிடம், காற்றுத் தடுப்பு, இரண்டு பேருக்குச் சரிசெய்யும் சஸ்பென்ஷன், இதில் பெரிய ஜிஎஸ் வகை வண்டிகளை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் நீங்கள் தனியாகப் போவேன் என்றீர்கள்.

வாங்கும் முன் கடையில் இதைச் செய்யுங்கள். ஃபுட்பெக்கில் எழுந்து நின்று, முழங்காலை லேசாக மடக்கி, கையைத் தொங்கவிட்டு முன்னால் நீட்டுங்கள். விரல் ஹேண்டில்பாரில் தானாக விழ வேண்டும். குனிந்து பிடிக்க வேண்டியிருந்தால் அரை மணி நேரத்தில் இடுப்பு சொல்லிவிடும். பிறகு நடக்கும் வேகத்தில், ஹேண்டிலை முழுசாகத் திருப்பி ஒரு யூ-டர்ன். கடைசியாக, சீட்டில் உட்கார்ந்தபடி ஒரு சிறிய பள்ளத்திலிருந்து வண்டியைப் பின்னோக்கித் தள்ளிப் பாருங்கள். இந்த மூன்றும் நெடுஞ்சாலையில் பத்து கிலோமீட்டர் பறப்பதைவிட அதிகம் சொல்லும்.

விழுந்த வண்டியைத் தூக்குவதையும் முன்கூட்டியே பழகுங்கள். கிராஷ் கார்டு போட்ட வண்டி வைத்திருக்கும் நண்பர் யாராவது இருந்தால் புல்தரையில் மெல்லப் படுக்க வைத்துச் செய்யலாம். இன்ஜினை அணைத்து, உருளாமல் இருக்க முதல் கியரில் விடுங்கள். வலது பக்கம் படுத்திருந்தால் முதலில் சுற்றிப் போய் சைடு ஸ்டாண்டை வெளியே இழுத்துவிடுங்கள், இல்லையென்றால் தூக்கிய வேகத்தில் அந்தப் பக்கம் விழும். தரையில் இருக்கும் பக்கத்துக் கைப்பிடி டேங்கை நோக்கி வரும்படி ஹேண்டிலை முழுசாகத் திருப்புங்கள். வண்டிக்கு முதுகைக் காட்டி, சீட்டின் விளிம்பில் இடுப்பு படும்படி குந்துங்கள். ஒரு கை அந்தக் கைப்பிடியில், மறு கை பின்னால் லக்கேஜ் கம்பியில். கையால் இழுக்காதீர்கள். முதுகு நேராக இருக்க, தொடையால் தள்ளிக்கொண்டு சின்னச் சின்ன அடியாகப் பின்னால் நடங்கள். 196 கிலோவை இப்படி நிறுத்தலாம். 250ஐயும் ஒரு தடவை நிறுத்தலாம்.

பழைய வண்டியாக வாங்கினால் எனக்கு இன்னும் சந்தோஷம், எப்படியும் முதல் வருடம் கீறல் விழும். பார்க்கும்போது ஒரு சின்ன ஸ்பேனரால் ஒவ்வொரு ஸ்போக்கையும் தட்டுங்கள். இறுக்கமானது கணீரென்று ஒலிக்கும், தளர்ந்தது மொத்தென்று ஒலிக்கும். முன் வீலைத் தரையிலிருந்து தூக்கி ஹேண்டிலை மெல்லத் திருப்புங்கள். நடுவில் ஒரு இடத்தில் 'டக்' என்று உட்கார்ந்தால் ஸ்டியரிங் பேரிங் போயிருக்கிறது. முன் ஃபோர்க்கில் எண்ணெய் வளையம், ரிம் விளிம்பில் பள்ளம், பெட்டி மாட்டும் சட்டத்தில் விரிசல், ஏர் ஃபில்டரைத் தாண்டி உள்ளே தூசி, இவற்றையும் பாருங்கள். இன்ஜினுக்கு அடியில் உள்ள தகட்டில் அடி இருந்தால் பயப்பட வேண்டாம், அது அதன் வேலையைச் செய்திருக்கிறது.

சின்ன வண்டியில் மிச்சமாகும் பணத்தில் முதலில் பூட்ஸ் வாங்குங்கள், கணுக்காலைத் தாண்டி உயரமாக, விறைப்பாக இருப்பது. அப்புறம் இரண்டு நாள் மண் பயிற்சி வகுப்பு. அதன் பிறகுதான் ஹேண்ட் கார்டு, அடித்தகடு, நல்ல டயர். அலுமினியப் பெட்டி வேண்டாம். விழும்போது கால் அதன் அடியில் மாட்டினால் எலும்புக்கு ஆபத்து. துணிப்பை போதும். வண்டி வந்ததும் சுமையெல்லாம் ஏற்றி, உட்கார்ந்து, சஸ்பென்ஷன் மொத்த ஓட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு பக்கம் அமிழும்படி சரிசெய்துகொள்ளுங்கள். அரை மணி நேர வேலை.

முதலில் இதைச் செய்யுங்கள். ஹிமாலயன் 450, டெனெரே 700 இரண்டையும் ஒரே நாளில், அதே பூட்ஸோடு ஓட்டிப் பாருங்கள். டெனெரேயை முதலில். காலையில் அல்ல, வேலை முடிந்து களைத்து வந்த சாயங்காலத்தில். ஏற்றத்தில் நிறுத்தி, ஒரு காலை ஊன்றி, திரும்பக் கிளம்பிப் பாருங்கள். அப்போதும் டெனெரே மேல் பயம் வரவில்லை என்றால் அதையே வாங்குங்கள், நான் தடுக்க மாட்டேன்.